யானையை அனுப்பிய கதை
கதைமரபுகளுக்குப் பெயரிடுதல் குறித்துச் சில எண்ணங்கள்

அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்குச் செல்லும் தனியார் பேருந்தொன்றில் சில திங்களுக்கு முன் நாம் பயணம் செய்ய நேர்ந்தது. பேருந்துகளில் வழக்கமாக நிகழ்வதுபோல ஒரு திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி தனியே நடந்து வருகிறாள். நான்கு முரடர்கள் வழிமறிக்கின்றனர். எங்கிருந்தோ கதாநாயகன் தோன்றி அவர்களை அடித்து விரட்டுகிறான். அடிவாங்கிய நால்வரும் அவனுடைய நண்பர்களே என்பது அடுத்த காட்சியில்தான் வெளிப்பட இருந்தது. ஆயினும் நமக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த மூதாட்டியொருவர், முரடர்கள் தோன்றிய அந்நொடியிலேயே பக்கத்திலிருந்த கல்லூரி மாணவியிடம், "பாத்துக்கோ கண்ணு, யானைய அனுப்பிட்டான்" என்றார். அம்மாணவி திரும்பாமலே, "எங்க காலேஜ் பஸ் ஸ்டாப்புக்கும் தெனம் வருது ஆயா, அந்த யானை" என்றாள்.

இலக்கியத் திறனாய்வு பயின்றோர் பலரும் பல பக்கங்களில் விளக்க முயலும் ஒன்றை அம்மூதாட்டி இரண்டு சொற்களில் முடித்துவிட்டார். மீண்டும் மீண்டும் வரும் ஒரு கதைநிகழ்ச்சியை இனங்கண்டு, அதற்கு ஒரு பெயரும் இட்டு, அது எங்கிருந்து வந்தது என்பதையும் சுட்டிவிட்டார். மாணவியோ அப்பெயரை வாங்கிக்கொண்டு, திரைக்கு வெளியே தன் வாழ்வில் நிற்கும் ஒன்றின்மேல் அதை ஒட்டினாள். இவ்விரு செயல்களையும் சற்று நின்று நோக்குவது நம் கடமை என்று தோன்றியமையால் இக்கட்டுரையை எழுதலானோம்.

அவர் குறித்தது வள்ளி கதை. திருத்தணியில் இதை விளக்க வேண்டுவதில்லை. சூரனோடும் வேடரோடும் செய்த போரின் சினம் தணிந்து முருகன் அமர்ந்த மலை என்றும், வள்ளியை மணந்து உறைந்த மலை என்றும் இத்தலத்துக்குப் பெருமை கூறுவர். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் வள்ளியம்மை திருமணப் படலத்தோடுதான் நிறைவுறுகிறது. தினைப்புனம் காக்கும் வேடர்குலப் பெண்ணிடம் முருகன் வேடனாக வருகிறான். பின்னர் முதியவனாக வந்து தினைமாவும் நீரும் கேட்கிறான். தன்னை ஏற்கும்படி வேண்டுகிறான். அவள் மறுக்கிறாள். அவன் தமையனை நினைக்க, விநாயகன் யானையாக வந்து நிற்கிறான். அஞ்சிய வள்ளி முதியவனையே தழுவிக்கொள்கிறாள்.

இங்கு ஒரு செய்தியை மறத்தலாகாது. புராணத்தின்படி வள்ளி முருகனை அடையவே முற்பிறப்பில் தவம் செய்தவள். அவள் மறுப்பது வேடத்தையேயன்றி வேடத்துக்குள் இருப்பவனை அன்று. தெய்வம் தாழ்ந்த குடியில் பிறந்த உயிரைத் தானே தேடி வருவதன் உருவகமாகவே சைவப் பெரியோர் இக்கதையைக் கொண்டனர். உன்னதப்பாட்டைத் திருச்சபை எவ்வாறு வாசித்ததோ அவ்வாறே இதையும் அவர்கள் வாசித்தனர் எனலாம். எனவே சமய வாதத்துக்காக நாம் இதை எடுத்துக்கொள்ளவில்லை. கதையின் வடிவத்தையே நோக்குகிறோம்.

அவ்வடிவம் புராணத்தினும் பழையது. தலைவியை யானையினின்று காத்துத் தலைவன் அவளோடு கூடுதலை அகப்பொருள் உரைகாரர் களிறுதரு புணர்ச்சி என்றனர். வெள்ளத்தினின்று காத்தால் அது புனல்தரு புணர்ச்சி. எட்டாத பூவைப் பறித்துக் கொடுத்தால் பூத்தரு புணர்ச்சி. மூதாட்டி சொன்ன யானைக்கும் உரைகாரர் சொன்ன களிற்றுக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! தமிழரைப்போலக் கதைமரபுகளுக்குப் பெயரிட்டு அடுக்கி வைத்தோர் பழைய உலகில் மிகச் சிலரே. இற்செறிப்பு, வெறியாட்டு, உடன்போக்கு, வரைவுகடாதல் என ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் துறைப்பெயர் உண்டு. அத்துறைகளை வரிசையாகக் கோத்தால் கோவை என்னும் சிற்றிலக்கியமே பிறந்துவிடும். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாடல்களும் அவ்வாறு எழுந்தவையே. பெருங்காப்பியத்தில் மலை, கடல், நாடு, நகர், சூரியோதயம், சந்திரோதயம், பொழில்விளையாட்டு, புனல்விளையாட்டு, தூது, செலவு, போர், வெற்றி வரவேண்டும் என்று தண்டியலங்காரம் தரும் பட்டியலை இக்காலத் திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவர் கண்டால், தம் அலுவலகத்தில் எழுதப்பட்டது என்றே எண்ணக்கூடும்.

மேனாட்டாரும் இத்துறையில் உழைத்துள்ளனர். உருசிய அறிஞர் பிராப் 1928இல் நாட்டுப்புற மாயக்கதைகளை ஆய்ந்து, அவற்றின் கதைச்செயல்கள் முப்பத்தொன்றுக்குள் அடங்கும் என்றார். அவர் கண்டது எலும்புக்கூடு. நம் முன்னோர் கண்டதோ எலும்புக்கூட்டோடு அதன் நிலம், பொழுது, பறவை, பறை அனைத்தும். எனினும் வேறொரு வகையில் நம்மவர் இன்னும் நுட்பமாகச் சென்றனர் என்பதே நம் கருத்து. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மரபு என்றாலே பழகிப்போன சரக்கு என்று இகழும் போக்கு படித்தவரிடையே உண்டு. மேடையைக் கண்டோர் அவ்வாறு கூறார். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழிவந்த ஸ்பெஷல் நாடகங்களில் வள்ளி திருமணத்துக்குத் தனியிடம் உண்டு. நாரதராக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும், வள்ளியாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து சேர்வர். ஒத்திகை என்பதே இல்லை. ஆயினும் விடியும்வரை நாடகம் நடக்கிறது. அடுத்து வருவது தர்க்கமா, ஆலோலமா, யானையா என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மரபே அவர்களுடைய ஒத்திகை, அதுவே அவர்களுடைய பிழைப்பு. தியாகி விசுவநாததாஸ் முருகனாக நடிக்கும்போது புனத்தில் கொக்கு விரட்டும் பாட்டில் வெள்ளைக் கொக்கு என்று வெள்ளையரையே குறித்துப் பாடினார். தினைப்புனக் காட்சி எப்படியும் வரும் என்பது அவையோருக்குத் தெரிந்திருந்தமையால்தான் அதற்குள் விடுதலைப் போரைப் புகுத்த முடிந்தது. 1940இன் இறுதியில் சென்னையில் அந்த முருக வேடத்தோடு மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

தெய்வம் முதியவராக வருதல் என்பதும் இம்மலைக்கு உரிய மரபாகவே நிலைத்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்கு வந்தபோது முதியவர் ஒருவர் அவர் வாயில் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அதன்பின்னரே அவருடைய முதற்கிருதி பிறந்தது என்றும் கூறுவர். மம்ரேயின் சமபூமியில் ஆபிரகாமிடம் வந்த மூவரையும், எம்மாவு வழியில் கூட நடந்த அந்நியரையும் அறிந்த நமக்கு இது வியப்பன்று.

இனித் திரைக்கு வருவோம். ஸ்ரீவள்ளி 1945இலும் மீண்டும் 1961இலும் படமாயிற்று; ஏ. பி. நாகராஜனின் கந்தன் கருணை 1967இல் வந்தது. இவற்றில் யானை யானையாகவே வருகிறது. சமூகப் படங்களில்தான் அது முரடனாக உருமாறுகிறது. மரபுகளுக்கு எல்லைக்கோடு கிடையாது என்பதையும் இங்கே குறிக்கலாம். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் நாளன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, அதற்கு ம. பொ. சிவஞானம் போன்றோர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆனால் கோழையும் வீரனுமான இரட்டையர் இடம்மாறும் கதை 1964இல் தெலுங்கில் ராமுடு பீமுடு ஆகவும், மறு ஆண்டு தமிழில் எங்க வீட்டுப் பிள்ளையாகவும், 1967இல் இந்தியில் ராம் அவுர் ஷியாம் ஆகவும் எந்தப் போராட்டமுமின்றி எல்லைகளைக் கடந்துவிட்டது. மூன்றையும் இயக்கியவர் ஒருவரே, தாப்பி சாணக்யா.

யானை முரடனாக மாறியதில் இழந்தது என்ன? வள்ளியின் முன்னைத் தவம் போயிற்று. திரைக் கதாநாயகிக்கு அவன்மேல் முன்னரே விருப்பம் ஏதும் இல்லை. அவள் மறுப்பு உண்மையான மறுப்பு. அதை மறுப்பென்று ஏற்காமல், பின்தொடர்ந்து, வழிமறித்து, பாட்டுப்பாடி, அச்சுறுத்தி, ஈற்றில் சம்மதமாக மாற்றுவதே இடைவேளை வரையுள்ள கதை. தொல்காப்பியர் இதனை அறியாதவர் அல்லர். ஒருதலைக் காமத்துக்குக் கைக்கிளை என்று பெயரிட்டார். பொருந்தாக் காமத்துக்குப் பெருந்திணை என்று பெயரிட்டார். இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார். பனைமடலால் செய்த குதிரையேறி, ஊரறியத் தன்னை வருத்தி, பெண்ணை இசைவிக்க முயலும் மடலேறுதலைப் பற்றி அவர் வரைந்த கோடு மிக நுண்ணியது. மடலேறுவேன் என்று சொல்லுதல் ஐந்திணைக்குள் அடங்கும். ஏறிவிட்டால் அது பெருந்திணை. மிக்க காமத்து மிடலாகிய வன்முறையும் அங்கேதான். கையை அறுத்துக்கொண்டும், மாடி விளிம்பில் நின்றுகொண்டும் காதலை வாங்கும் நம் திரைநாயகர் யாவரும் மடலேறியவரே. குணா (1991) படத்தில் கடத்தப்பட்ட பெண் கடத்தியவனையே நேசிக்கத் தொடங்குகிறாள். அப்படத்தின் கலைத்திறனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அகப்பொருள் இலக்கணம் கற்ற ஒருவர் அதைக் குறிஞ்சி என்று குறிக்கமாட்டார்.

நம்மவர் நுட்பமாகச் சென்றனர் என்று மேலே கூறியது இதனையே. பிராப் செயல்களைப் பிரித்து எண்ணினார். தொல்காப்பியரோ ஒரே செயலை, அதில் இருவருக்கும் இசைவு உண்டா என்ற வினாவைக் கொண்டு வேறு வேறு திணையில் வைத்தார். அவருக்குப் பெயரிடுதலே தீர்ப்பிடுதலாகவும் இருந்தது. இன்று கைக்கிளை குறிஞ்சியின் உடையை உடுத்து வருகிறது; பெயர் மறந்தமையால் நாமும் கைதட்டுகிறோம். பெண்களைக் கேலிசெய்து துன்புறுத்துவதைத் தடுக்க 1998இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. இதற்குத் திரைப்படமே காரணம் என்று கூறுவது எளிய வாதம். நாம் அவ்வாறு கூறவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இளைஞன் தன்னைக் கதாநாயகனாக எண்ணிக்கொள்வதற்கு ஒரு கதை ஆயத்தமாக இருக்கிறது என்று மட்டும் கூறுகிறோம்.

மற்றோர் இழப்பும் உண்டு. அது தோழி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் யானை வருகிறது; மகளிர் நடுங்கித் தலைவனை அடைகின்றனர்; அவன் அம்பெய்து அதனை விரட்டுகிறான். ஆனால் இக்காட்சியை நமக்குக் கூறுபவன் தலைவன் அல்லன். தோழி செவிலியிடம் கூறுகிறாள். தலைவன் மலைக்கடவுளை வாழ்த்திச் சூளுரைத்து அருவிநீர் குடித்தான் என்பதையும் அவளே சான்றாக நின்று உரைக்கிறாள். இதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல். தொல்காப்பியம் அதனை எழுவகையாகப் பகுக்கிறது. பெண்ணொருத்தி தானே தேர்ந்த துணையை வீட்டாருக்கு அறிவிப்பதை அறம் என்று பெயரிட்ட சமுதாயத்தின் வழிவந்தோர், இன்று அத்தகைய தேர்வுக்காகவே சொந்த மகளைக் கொல்லவும் துணிகின்றனர். அதற்கு ஆணவக்கொலை என்று புதுப்பெயர் ஒன்று தேவைப்பட்டுவிட்டது. திரைப்படத் தோழியோ நகைச்சுவைக்கும் கடிதம் கொடுக்கவும் மட்டுமே பயன்படுகிறாள்.

திருமறை கற்போருக்கு இவையனைத்தும் அயலான செய்திகள் அல்ல. அந்நியன் ஒருவன் வேற்று நாட்டுக்கு வருகிறான், கிணற்றருகே ஒரு பெண்ணைக் காண்கிறான், தண்ணீர் மொள்ளப்படுகிறது, அவள் வீட்டுக்கு ஓடிச் செய்தி கூறுகிறாள், விருந்தும் மணவுறுதியும் நிகழ்கின்றன. ஆதியாகமம் 24இலும் 29இலும், யாத்திராகமம் 2இலும் இதுவே வருகிறது. இதனை ஒரு மரபுக்காட்சி என்று இராபர்ட் ஆல்டர் 1981இல் வெளியான தம் நூலில் விளக்கினார். தமிழில் இதற்குப் புனல்தரு புணர்ச்சி என்ற பெயரைச் சற்று நீட்டி வழங்கினால் தவறில்லை என்பது நம் எண்ணம். இம்மரபை அறிந்தவர் யோவான் 4ஐ வாசிக்கும்போது திடுக்கிடுவர். யாக்கோபின் கிணறு, அந்நிய நாடு, தண்ணீர் கேட்கும் ஆண், தனியே வந்த பெண், எல்லாம் மணக்காட்சிக்கு உரியவை. அவளுக்கோ ஐந்து கணவர் இருந்துவிட்டனர். அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். ஆனால் தன் தந்தை வீட்டுக்கு அன்று, ஊருக்குள். மரபு முறியும் ஓசை, மரபை அறிந்த செவிக்கே கேட்கும்.

திரைப்படத்தில் கிறிஸ்தவர் வரும் முறைக்கும் பெயரிடலாம். வெண்ணங்கி அணிந்த பாதிரியார், மெழுகுவர்த்தி, மணிக்கூண்டு, மேரி என்ற பெண். பாவ மன்னிப்பு (1961), ஞான ஒளி (1972), அலைகள் ஓய்வதில்லை (1981) ஆகியவற்றில் கதைகள் வேறு. இச்சரக்கு பெரும்பாலும் ஒன்றே. ஓலைக்கூரை வேய்ந்த சிற்றாலயமும், கையில் பாட்டுப்புத்தகத்தோடு நடந்து வரும் உபதேசியாரும் திரைக்கு எட்டவே இல்லை. இது பெரிய குறையன்று, புன்னகையோடு கடந்துவிடலாம்.

கடக்க முடியாத மரபு ஒன்று உண்டு. அதற்குப் 'பொறுமையால் திருத்துபவள்' என்று நாம் பெயரிட விரும்புகிறோம். பார்த்திபனின் புதிய பாதை (1989) அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்றது. தன்னைக் கெடுத்த முரடனிடமே ஒரு பெண் சென்று வாழ்ந்து அவனை மனிதனாக்குகிறாள். படத்தின் உரையாடலிலும் சேரி வாழ்வின் சித்திரிப்பிலும் உண்மையான ஆற்றல் இருக்கிறது. ஆகவேதான் அம்மரபு அவ்வளவு வலுவாக இறங்குகிறது. 2015இல் பாலியல் வன்முறை வழக்கொன்றில், தண்டனை பெற்றவருக்கும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் இடையே சமரசப் பேச்சுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வழிவகுத்தது. அத்தகைய சமரசம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கடுமையாக உரைத்தபின் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. கற்றறிந்த மன்றத்துக்குள்ளும் இக்கதை நுழைய முடிந்தது என்றால் நம் ஆலோசனை அறைகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? கணவன் அடிக்கிறான் என்று கண்ணீரோடு வந்த பெண்ணிடம், பொறுத்துப்போங்கள், உங்கள் ஜெபத்தால் அவர் மாறுவார் என்று கூறி அனுப்பியவர் நம்மில் எத்தனை பேர்? நாமும் கூறியிருக்கிறோம். அதை வேதவசனத்தின்மேல் நின்று கூறியதாகவே அன்று எண்ணினோம். எந்தத் திரைக்கதையின்மேல் நின்று கூறினோம் என்பதை மிகப் பிந்தியே உணர்ந்தோம். அப்பெண் மீண்டும் வரவில்லை.

கெட்டுப்போனவள் சாகவேண்டும், அல்லது பித்துப் பிடிக்கவேண்டும் என்பது இதன் மறுபக்கம். கே. பாலசந்தரின் அரங்கேற்றம் (1973) கூட, அவ்வளவு துணிவோடு தொடங்கி, ஈற்றில் நாயகியின் அறிவைக் கலங்கச் செய்தே முடிகிறது. இம்மரபை உடைத்தவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த அக்கினிப் பிரவேசம் சிறுகதையில், காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீடு வந்த மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று கூறி முடித்துவிடுகிறாள். வாசகரிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தோர் எதற்குச் சினந்தனர் என்பது கூர்ந்து நோக்கற்பாலது. ஒரு குற்றம் நிகழ்ந்ததற்கு அன்று. அதற்குப்பின் வரவேண்டிய காட்சி வரவில்லையே என்பதற்கு. ஆசிரியரோ அக்காட்சி வந்திருந்தால் என்னவாகும் என்று காட்டவே சில நேரங்களில் சில மனிதர்கள் நாவலை எழுதினார். அதில் தாய் கூச்சலிடுகிறாள், ஊர் கூடுகிறது, மகளின் வாழ்வு சிதைகிறது. அந்நாவலுக்கு 1972ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே நிகழ்ச்சிக்கு இரு முடிவுகளையும் எழுதி, இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரு குடம் தண்ணீரே என்று காட்டிய வேறொரு தமிழ் எழுத்தாளரை நாம் அறியோம்.

நம் சாட்சிக் கூட்டங்களுக்கும் தண்டியலங்காரம் போன்றதொரு பட்டியல் இருக்கிறது. குடி, கடன், அழும் மனைவி, கைக்கு வந்த துண்டுப்பிரசுரம், நள்ளிரவு, கண்ணீர். இவ்வரிசையில் அமையாத வாழ்க்கையை உடையோர், குறிப்பாகச் சிறுவயது முதல் ஆலயத்தின் பின்வரிசையில் அமைதியாக இருந்துவந்த பெண்கள், தமக்குச் சாட்சி ஏதும் இல்லை என்றே நம்மிடம் கூறுவதுண்டு. அவர்கள் சொல்லாமல் வைத்திருப்பவை என்ன துறையைச் சாரும் என்று கேட்டறியும் வேலை இன்னும் தொடங்கவில்லை.

இது பற்றி வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சிற்றூர்களில் ஊழியம் செய்வோரும், அங்குக் களப்பணிக்குச் செல்லும் மாணவரும், கதைகளையும் படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் பற்றிப் பேசும்போது மக்கள், சிறப்பாக மூத்த பெண்கள், தாமே வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதியனுப்பினால் நன்றியுடையோம். நம்மிடம் இப்போது இருப்பது 'யானையை அனுப்புதல்' ஒன்றே. அதைத் தந்தவர் படம் முடியுமுன்னரே திருத்தணிக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கிவிட்டமையால் மற்றவற்றைக் கேட்க இயலாமற்போயிற்று.